தாய் ஜாடை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இதில் குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பாள். பெயர் தையல்நாயகி. சீடருக்கு அறுபத்து மூன்று. பெயர் வைரக்கண்ணு. முப்பத்தோரு வருசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர்.

தையல்நாயகி பதினைந்து வருசம் ஒரு தென்னை விதைத் தோட்டத்தில் வேலை பார்த்தவள். குட்டை மரத்துப் பாளையில் இருக்கிற ஆண்பூக்களை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, பெண்பூக்களுக்குப் பை கட்டி, நெட்டை மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவுவது அவள் வேலை. அப்படிப் பிறப்பதுதான் ஒட்டுத் தென்னம்பிள்ளை. குட்டையைப் போலச் சீக்கிரம் பாளை விடும், நெட்டையைப் போலத் திடமாக நிற்கும். வேலையை விட்டு வந்தபின் செம்பாளூரில் தன் வீட்டைச் சுற்றியிருந்த அரை ஏக்கரில் அதையே சின்ன அளவில் செய்துகொண்டிருந்தாள்.

பிள்ளை வாங்க வந்த யாரோ ஒருவர் போகிறபோக்கில் தன் மனக்குறையைச் சொன்னார். அவளும் போகிறபோக்கில் ஏதோ பதில் சொன்னாள். அவர் தெளிந்து போனார். அப்புறம் சனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பிள்ளை வாங்க வருகிறவர்களைவிடக் கேள்வி கேட்க வருகிறவர்கள் அதிகமாகிப் போனார்கள்.

சிலர் அவளிடமே இருந்து பாடம் கற்றார்கள். பாடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் பாய்ச்ச வேண்டும், விழுந்த மட்டையை இழுத்துப் போட வேண்டும், வந்தவர்கள் பேசும்போது பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். ஒருவர் தேறிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றினால், ஏதோ ஒரு காலையில் ஓர் ஒட்டுப் பிள்ளையைப் பெயர்த்து அவர் கையில் கொடுப்பாள். “உங்க கொல்லையில வைங்க. இனிமே இங்க வர வேணாம்” என்பாள். பட்டம், பதவி எல்லாம் அதுதான். அந்தப் பிள்ளையை வைத்த வீட்டுக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கேள்விகளோடு போக ஆரம்பிப்பார்கள்.

வைரக்கண்ணு இந்தப் பிள்ளைக்காகத்தான் மூன்று வருசமாகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்த நான்கு பேர் வாங்கிப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தன் வந்த ஆறாம் மாதமே வாங்கிப் போனான். வயிறு எரியாதா? எரிந்தது. ராத்திரி படுத்தால் அந்த ஆறு மாதக்காரன் முகம்தான் கண்ணில் நின்றது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் செம்பாளூர் வருவார். வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போவார். பள்ளிக்கூடப் பிள்ளை தோற்றது. பிள்ளை எந்த நேரமும் கிடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வந்த முதல் மாதமே வீட்டுக் கொல்லையில் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி வைத்துவிட்டார். அதில் இரண்டு தடவை கோழி விழுந்தது. ஒரு தடவை அவர் மனைவி அம்சவல்லியே விழப் பார்த்தாள். ஊர்ல அவ அவ பத்து மாசத்துல பெத்து எழுந்திரிச்சுடுறா, உங்களுக்கு மூணு வருசமாயும் ஒரு பிள்ளை வரலையே என்று அவள் வாரம் தவறாமல் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது.

தன்னிடம் என்ன குறை என்று அவருக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஏனோதானோ என்று இருந்தார்கள். ஒருத்தன் குருவையே எதிர்த்துப் பேசினான். வைரக்கண்ணு அப்படியா? குருவை அச்சில் வார்த்தாற்போலப் பின்பற்றினார். அவள் இடது கையை முழங்காலில் ஊன்றிக் குந்துவாள், இவரும் அப்படியே குந்துவார். அவள் “ம்ம்” என்று இழுத்துவிட்டு நாலு மூச்சு கழித்துப் பேசுவாள், இவரும் “ம்ம்” என்று இழுத்து நாலு மூச்சை எண்ணுவார். அவள் சட்டைக் கையை மடக்கி விட்டிருப்பது போலவே மடக்கி விட்டிருந்தார். பஸ்ஸின் முன்படியில் நின்று பேசினால் பின்படிக்குக் கேட்கிற தொண்டை அவருடையது. அதை மூன்று வருசத்தில் ஒடுக்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆக்கிவிட்டார்.

போதாததற்கு ஒரு நோட்டு வேறு. நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் அம்மா சொன்னது. பதினோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: மனசு ஆறலை என்று ஒருவர் வந்தார். தம்பி தன்னை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டானாம். அம்மா மண்வெட்டியைக் கொடுத்து, “குழி வெட்டுங்க, மூணடி” என்றார். மத்தியானம் வரை வெட்டினார். குளித்தார், சாப்பிட்டார், மரத்தடியில் சாயங்காலம் வரை தூங்கினார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதுவரை அவர் கையெழுத்து. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. தையல்நாயகி அக்கா மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. பாத்தியில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் முளைத்து நின்றன. பத்து மாதமாகிவிட்டது, பிரித்துவைக்க வேண்டிய நேரம். எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் அவளே பிரிப்பாள். அன்றைக்கு வைரக்கண்ணு ஊரில் இருப்பார், பார்த்ததில்லை. இந்தத் தடவை ஆட்டோவில் ஏறிக்கொண்டே அவரிடம் சொன்னாள்: “ஒட்டு சேராததைப் பேத்து ஓரமா வச்சிடுங்க ஐயா. காம்பைப் பார்த்தாலே தெரியும்.”

எதைப் பார்த்து எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் குரு யாரிடமும் எதையும் இரண்டாவது தடவை கேட்டு அவர் பார்த்ததில்லை. அதனால் அவரும் கேட்கவில்லை. “ம்ம்” என்றார். ஆட்டோ போய்விட்டது.

பாத்தியில் குந்திப் பார்த்தார். காம்பு உண்மையாகவே இரண்டு வகையாக இருந்தது. முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு மட்டையின் அடிக்காம்பு ஒரு மாதிரி பழுப்பு. ஒன்பதுக்கு மட்டும் பளபளவென்று செம்மஞ்சள். தலையை நிமிர்த்தினால் எதிரே தாய்மரம். குட்டையான செவ்விளநீர் மரம். அதன் காம்பும் அதே செம்மஞ்சள், காயும் அதே செம்மஞ்சள். தாயை அப்படியே உரித்து வைத்தாற்போல ஒன்பது பிள்ளைகள்! வைரக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மற்றதெல்லாம் எந்த ஊர் ஜாடையோ என்று முப்பத்தொன்பதையும் மண்வெட்டியால் பதமாகப் பெயர்த்து வேலியோரம் கொண்டுபோய்க் குவித்தார். தாய் ஜாடைப் பிள்ளைகள் ஒன்பதுக்கும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம்.

வியாழக்கிழமை மூன்று மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. பெயர் பூங்காவனம் என்றும் ஆலடிக்குடியிலிருந்து வருவதாகவும் சொன்னாள். தையலம்மா நாளைக்குத்தான் வருவார்கள் என்று வைரக்கண்ணு சொன்னதும் சரி என்று திரும்பினாள். அவளை அப்படியே போகவிட்டிருக்கலாம். ஆனால் இவருக்குள்ளே ஒரு ஆசை தலைதூக்கியது. நாமே ஒரு பதில் சொல்லி, இவளும் தெளிந்துபோய், அது அம்மா காதுக்கு எட்டினால்?

“உக்காருங்கம்மா. என்னன்னு சொல்லுங்க” என்றார். இடது கையை முழங்காலில் ஊன்றிக் குந்தினார்.

அவள் உட்கார்ந்தாள். கணவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சோறு வடித்தால் இரண்டு பேருக்கு வடித்துவிடுகிறாள். கருமாதிக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். இதையெல்லாம் சின்னக் குரலில் சொல்லிவிட்டு, “மனசு ஆறலைங்க” என்றாள்.

மனசு ஆறலை. வைரக்கண்ணுவுக்குப் பதினோராம் பக்கம் கண்முன்னே வந்து நின்றது. “ம்ம்” என்றார். நாலு மூச்சு எண்ணினார். எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். குருவின் குரலிலேயே சொன்னார்: “குழி வெட்டுங்க. மூணடி.”

பூங்காவனம் மண்வெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ஒரு குழி வெட்டித்தான் அவரைப் போட்டு மூடிட்டு வந்திருக்கேன். இன்னொண்ணு எதுக்குங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படலைத் திறந்து போனாள்.

வைரக்கண்ணுவின் கை பழக்கத்தில் நோட்டைத் தேடியது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அதற்கடுத்த பக்கத்தைப் புரட்டினார். குழி வெட்டச் சொல்லி அவர்கள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. “அடப் பாவி மனுசா” என்று தன்னையே திட்டினார். நோட்டை அங்கேயே போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

பஸ் நிறுத்தம் கால் மைல். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நாலு முழம் தள்ளி நின்றார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஏறுகிறவர்கள் எல்லாம் முண்டியடித்து ஏறினார்கள். பூங்காவனம் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, முடியாமல் கீழே எடுத்துவிட்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

அப்போது வைரக்கண்ணுவின் தொண்டையிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. மூன்று வருசமாகக் கிணற்றுக்குள் கிடந்த குரல்.

“உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல அம்புட்டு எடம் கெடக்கு. யாருப்பா அது கம்பியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, தாலியா கட்டியிருக்கே? பைக்கட்டைக் கழட்டி மடியில வைங்க பசங்களா. ஜன்னலோரம் அந்தத் தம்பி எந்திரி, அம்மா உக்காரட்டும். ஏறுங்கம்மா நீங்க.”

பஸ் அப்படியே உள்ளே நகர்ந்தது. வண்டியின் சொந்தக் கண்டக்டர் பேந்தப் பேந்த முழித்தார். பூங்காவனம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவரும் ஏறி அவள் சீட்டை ஒட்டி நின்றுகொண்டார். கம்பியைப் பிடிக்கவில்லை. அவர் கால்களுக்குப் பஸ்ஸில் நிற்பது மறக்குமா?

“எங்க எறங்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

“ஆலடிக்குடி. பதினோராவது ஸ்டாப்பு.”

மூன்று நிறுத்தம் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள், எங்க வீட்டுக்காரர் எப்பவும் ஜன்னலோரம் தனக்குத்தான் வேணும்னு அடம் புடிப்பாரு, முப்பது வருசத்துல நான் இந்தப் பக்கம் உக்காந்ததே இல்லை என்று. சொல்லி முடிப்பதற்குள் அழுகை உடைந்துவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. வைரக்கண்ணு ஒரு காலைக் குறுக்கே வைத்து, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி, அவள் யார் கண்ணிலும் படாதபடி நின்றுகொண்டார். பஸ்ஸில் மயக்கம் வந்தவர்களுக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கும் அவர் அப்படித்தான் முப்பத்தோரு வருசம் மறைப்பாக நின்றிருக்கிறார்.

மீதி எட்டு நிறுத்தமும் அவள் பேசினாள். கணவர் சாப்பாட்டில் கத்தரிக்காயைப் பொறுக்கித் தள்ளுவது, ஒரு தடவை கோபித்துக்கொண்டு இரண்டு நாள் தன் கடையிலேயே தூங்கியது, கடைசி நாள் காலையில் காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றது. இவர் “அப்புறம்?” என்றார். “அட” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் தெரியவும் இல்லை. ஆலடிக்குடியில் இறங்கி வீடு வரை போய், அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் தையல்நாயகி வந்தாள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை வைத்துவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். பாத்தியில் ஒன்பது பிள்ளைகள் நிற்பதையும் வேலியோரம் முப்பத்தொன்பது குவிந்து கிடப்பதையும் பார்த்தாள். பிறகு வைரக்கண்ணுவைக் கூப்பிட்டாள்.

“எதை வச்சு ஐயா பிரிச்சீங்க?”

அவர் பெருமையாகவே சொன்னார். “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. தாய் ஜாடை எதுல இருக்கோ அதை விட்டுட்டு மத்ததைப் பேத்துட்டேம்மா.”

தையல்நாயகி வேலியோரம் போய்க் குந்தினாள். அப்புறம் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தாள். காயும் வேரும் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்த்தாள்.

“நூலுக்கும் சேலைக்கும் அது சரியா இருக்கலாம். பாளையில ஒரு ஆண்பூவைக் கிள்ளாம விட்டுட்டா, பை லேசாக் கிழிஞ்சிருந்தா, அந்த மரத்து மகரந்தமே அதுல சேந்துரும். அப்பத்தான் காம்பு தாயாட்டமே வரும். வெளியிலேர்ந்து வந்தது எதுவும் அதுல இல்லைன்னு அர்த்தம். அப்படி ஒண்ணுகூட வந்துடக் கூடாதுன்னுதான் பதினஞ்சு வருசம் ஏணியில ஏறி எறங்கினேன்.”

வைரக்கண்ணு பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இந்த ஒம்பதும்?”

“எளநி குடிக்க நல்லா இருக்கும். கேட்டவங்களுக்குக் குடுங்க. ஒட்டுன்னு சொல்லிக் குடுத்துராதீங்க.”

இருவருமாக முப்பத்தொன்பதையும் திரும்பப் பாத்தியில் வைத்து மண் அணைத்தார்கள். காய் ஒட்டியிருந்ததாலும் நிழலில் கிடந்ததாலும் ஒன்றும் வாடவில்லை. வேலை முடியும்போது மற்றதையும் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று மண்வெட்டி விஷயத்தை அவர் ஒப்புக்கொண்டார். பஸ்ஸில் ஏறியதை, கத்தியதை எல்லாம் சொல்லவில்லை. ஞானம் கற்க வந்தவன் நடுரோட்டில் நின்று காட்டுக்கத்தல் கத்தியதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

“ரெண்டு பேருமே மனசு ஆறலைன்னுதாம்மா சொன்னாங்க” என்றார் கடைசியில், பரிதாபமாக.

“சோறும் ஆறுது, புண்ணும் ஆறுது. ரெண்டுக்கும் விசிறியையா எடுப்பீங்க?”

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது அவருக்கு எல்லாம் வெறுத்துப்போயிருந்தது. இன்னும் ஐந்து வருசம் ஆனாலும் தனக்குப் பிள்ளை கிடைக்காது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கொல்லைக் குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்சவல்லி கிண்டல் பண்ணவில்லை. போனாப் போவுது, அதுல ஒரு வாழையை வைப்போம், பத்து மாசத்துல தாரு தள்ளும் என்றாள். அவள் அப்படிப் பதமாகப் பேசியதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திங்கட்கிழமை போய்ச் சொல்லிக்கொண்டு வந்துவிடுகிறேன், அதோடு சரி என்று முடிவு பண்ணினார்.

திங்கட்கிழமை அவர் படலைத் திறந்தபோது உள்ளே தையல்நாயகிக்கு எதிரில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கொல்லையில் காய்த்த கத்தரிக்காய் ஒரு பை நிறைய. மண்வெட்டிப் பஞ்சாயத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து உரிமட்டைக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். அறுபத்து மூன்று வயது மனிதர்!

“அந்தக் கண்டக்டரய்யா இருக்காங்களாம்மா?” என்று பூங்காவனம் கேட்டது அவர் காதில் விழுந்தது.

பிறகு எல்லாம் வெளியே வந்துவிட்டது. முண்டியடித்த கூட்டம், அந்தக் குரல், ஜன்னலோரம், மறைப்பாக நின்ற முதுகு, பதினோரு நிறுத்தம் எல்லாவற்றையும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்கு அளந்து சோறு வடித்தேன், நல்லாச் சாப்பிட்டேன் என்றாள். இன்னும் அழுகை வருகிறது, வந்தால் அழுகிறேன், அது பாட்டுக்கு அது என்றாள். கத்தரிக்காய் அவர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, வெயிலுக்கு முன்னே போக வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.

“மட்டைக்குப் பின்னால நிக்கிறவங்க வெளிய வரலாம்” என்றாள் தையல்நாயகி.

அவர் வந்தார்.

“பஸ்ஸுல என்னமோ சத்தம் போட்டீங்களாமே. அதை இங்க ஒருக்காப் போடுங்க.”

வேண்டாம்மா என்றார். அது பழைய கழுதை, பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, இனிமேல் வராது என்றெல்லாம் கெஞ்சினார். அவள் விடவில்லை. மூணு வருசமா கூட இருக்கேன், நீங்க பேசி நான் கேட்டதே இல்லையே என்றாள். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல அம்புட்டு எடம் கெடக்கு” என்று ஒரு சத்தம் கொடுத்தார். மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கன்றுக்குட்டி கத்தியது. தையல்நாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தப் பாத்தியோரத்தில் நின்று சிரித்ததைப் பார்த்திருந்தால் இது ஞானம் படிக்கிற இடம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் மண்வெட்டியை எடுத்தாள். பாத்தியில் கழுத்து பருத்து, ஆறு ஓலை விட்டு நின்ற ஒரு பழுப்புக் காம்புப் பிள்ளையைச் சுற்றி மண்ணை இளக்கினாள். தண்டைப் பிடித்து இழுக்காமல் காயோடு தூக்கினாள். நீண்டிருந்த வேரை மட்டும் நறுக்கிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“உங்க கொல்லையில வைங்க. இனிமே இங்க வர வேணாம்.”

வைரக்கண்ணு பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே போனை எடுத்து அம்சவல்லிக்குச் சொன்னார். ஆணா பெண்ணா என்று கேட்டாள் அவள். அப்புறம் அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன், போன் சத்தமில்லாமல் இருந்தது.

பஸ் நிறுத்தம் வரை குரு கூடவே வந்தாள். வழியெல்லாம் பிள்ளையைப் பற்றித்தான் பேசினாள். காய் லேசாகத் தெரியும்படி வைக்க வேண்டும். நட்ட அன்றைக்கே குழியை மேல்மட்டம் வரை மூடிவிடக் கூடாது, அது வளர வளர வருசா வருசம் மண் அணைத்துக்கொண்டு வர வேண்டும். முதல் கோடைக்கு இரண்டு பனையோலையைச் செருகி நிழல் கட்ட வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். தோளில் கத்தரிக்காய்ப் பை, கையில் பிள்ளை.

தூரத்தில் பஸ் தெரிந்தது. இத்தனை நாள் ஏங்கியது கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு யாராச்சும் எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அந்த நேரத்துல நீங்க இருந்தா என்ன சொல்லுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

தையல்நாயகி கை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினாள்.

“அது தெரியாம இருக்கட்டும்னுதான் ஊருக்கு அனுப்புறேன். ஏறுங்க.”